தோற்ற அணியின் ஓய்வுக்காலம்

தென்மேற்குப் பருவக்காற்று கிளம்பிக் கடல் கொந்தளிக்கத் தொடங்கியதும், சிலாபம் முதல் கற்பிட்டி வரையுள்ள கரையோரத்தில் கரைவலைத் தொழில் ஓய்ந்துவிடுகின்றது. தோணிகள் மணலில் ஏற்றப்படுகின்றன. வலைகள் சுருட்டி வைக்கப்படுகின்றன. வழிப்போக்கர் ஒருவர் பார்த்தால், இனிச் சில மாதங்களுக்கு இங்கே வேலையே இல்லை என்று எண்ணுவார். ஆனால் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியைக் கேட்டால் வேறு கதை சொல்லுவார். கிழிந்த மடியைப் பொத்துவதற்கு இதுவே காலம். அடுத்த பருவத்தில் கம்பான் இழுக்க யார் யார் வருவர், கிழக்குக் கரைக்கு வாடி அமைக்கச் சென்றவர்களுள் எத்தனை பேர் திரும்புவர், முற்பணம் யாருக்குக் கொடுப்பது, கை தளர்ந்த முதியவருக்கு என்ன வேலை ஒதுக்குவது என்றெல்லாம் அவர் கணக்குப் பார்ப்பதும் இக்காலத்திலேதான். மீன் கிடைப்பது கடலின் கருணை. ஆட்கள் கூடி நிற்பதோ ஓய்வுக்காலத்து யோசனையின் பயன்.

விளையாட்டு அணிகளுக்கும் இந்த நியதி பொருந்தும். ஆட்டம் நடக்கும்போது நாம் மைதானத்தைப் பார்க்கின்றோம். வெற்றி தோல்விகளைப் பற்றிப் பேசுகின்றோம். ஆட்டம் இல்லாத மாதங்களில் ஓர் அணி என்ன செய்கின்றது என்பதைப் பற்றி நம்மிற் பலர் எண்ணுவதில்லை. தோற்ற அணியொன்று அடுத்த பருவத்தில் தலைநிமிர்வதும் மேலும் சரிவதும் பெரும்பாலும் அந்த மாதங்களிலேயே முடிவாகிவிடுகின்றன. கூடைப்பந்தாட்டத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனைச் சற்று ஆராய்வோம்.

நமது கரையும் கூடைப்பந்தும்

கூடைப்பந்தாட்டம் என்றவுடன் அமெரிக்க நாடே பலருக்கும் நினைவில் வரும். 1891ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், மசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் உடற்பயிற்சி ஆசிரியர், குளிர்காலத்தில் மாணவரை மண்டபத்துக்குள்ளேயே விளையாட வைக்க வேண்டுமென்று இதனைக் கண்டுபிடித்தார். பீச்சுப் பழக் கூடைகள் இரண்டை மேலே ஆணியடித்துப் பொருத்தி, பதின்மூன்று விதிகளை எழுதி ஒட்டினார். வளையத்தின் உயரம் அன்றும் பத்து அடி. இன்றும் பத்து அடியே.

அந்த விளையாட்டு நமது கரைக்கு அந்நியமானதன்று. நீர்கொழும்பிலிருந்து வடக்கு நோக்கி வந்து மகா ஓயாவைக் கடந்தால் புத்தளம் மாவட்டம் தொடங்குகின்றது. சற்றுத் தொலைவில் வென்னப்புவ. அங்குள்ள யோசேப் வாஸ் கல்லூரியும் திருக்குடும்பப் பெண்கள் பாடசாலையும் பாடசாலைக் கூடைப்பந்தாட்டத்தில் நாடறிந்த பெயர்கள். தென்னந்தோப்புகளுக்கிடையே அமைந்த சிற்றூர்களிலிருந்து புறப்பட்ட பிள்ளைகள், தலைநகரத்துப் பெரிய பாடசாலைகளுக்கு ஈடுகொடுத்து ஆடியிருக்கின்றனர்.

ஆனால் பாடசாலையில் மலர்ந்த இத்திறமை ஊர்க் கழகங்களில் நிலைத்து நிற்பது அரிதாக இருக்கின்றது. காரணம் யாவரும் அறிந்ததே. நன்றாக ஆடும் இளைஞனைக் கொழும்பு வர்த்தக நிறுவனங்களும், தரைப்படை, கடற்படை, விமானப்படை ஆகியவற்றின் அணிகளும் உத்தியோகம் கொடுத்து அழைத்துக்கொள்கின்றன. ஏனையோருள் கணிசமானவர் கடல் கடந்து செல்கின்றனர். வென்னப்புவையைச் 'சின்ன இத்தாலி' என்று அழைக்கும் அளவுக்கு அவ்வூரார் இத்தாலி நாட்டிற்குச் சென்று குடியேறியிருக்கின்றனர். குடும்பத்தின் கடனைத் தீர்க்கவும், தங்கையைக் கரையேற்றவும், வீட்டிற்குக் கூரை போடவும் சென்றவர்களை நாம் குறைகூற முடியாது. ஆயினும் பருவந்தோறும் அணியின் பெயர்ப்பட்டியலிலிருந்து இரண்டு மூன்று பெயர்கள் அழிகின்றன என்பது உண்மை. நமது கரையில் அணி கட்டுவோர் முதலிற் கற்க வேண்டியது, போகின்றவர்களை எதிர்பார்த்துத் திட்டமிடும் கலையையேயாம்.

அமெரிக்கர் செய்யும் முறை

தொழில்முறைக் கூடைப்பந்தாட்டத்தில் இத்திட்டமிடல் ஒரு தனிக் கலையாகவே வளர்ந்துவிட்டது. 1946இல் தொடங்கிய அமெரிக்கத் தேசியக் கூடைப்பந்தாட்டச் சங்கத்தில் 30 அணிகள் உள்ளன. அக்டோபர் முதல் ஏப்ரல் வரை ஒவ்வோர் அணியும் 82 ஆட்டங்கள் ஆடுகின்றது. அதன்பின் சிறந்த அணிகள் மாத்திரம் ஜூன் வரை மோதுகின்றன. தோற்ற அணிகளுக்கோ ஏப்ரலிலேயே ஓய்வுக்காலம் பிறந்துவிடும்.

அணியை மாற்றியமைக்க அவர்களுக்கு மூன்று வழிகள் உண்டு. முதலாவது, கல்லூரிகளிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வரும் இளைஞரை முறைவைத்துத் தேர்ந்தெடுப்பது. கடைசியில் நின்ற அணிகளுக்கே இதில் முன்னுரிமை. ஆனால் வேண்டுமென்றே தோற்கும் ஆசை எவருக்கும் எழாதிருக்கும்பொருட்டுக் குலுக்கல் முறையும் சேர்த்திருக்கிறார்கள். 2019இல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, மிக மோசமாக ஆடிய மூன்று அணிகளுக்கும் முதலிடம் கிடைக்கும் வாய்ப்பு நூற்றுக்குப் பதினான்கு வீதமே. இரண்டாவது வழி, ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரரைச் சம்பளம் பேசிச் சேர்ப்பது. மூன்றாவது, மற்றோர் அணியுடன் ஆட்டக்காரரைப் பண்டமாற்றுச் செய்வது.

பணக்கார அணி எல்லோரையும் வாங்கிவிடாதவாறு, சம்பளத் தொகைக்கு ஓர் உச்சவரம்பும் விதித்திருக்கின்றனர். 1984–85 பருவத்தில் 36 இலட்சம் டொலராக இருந்த அவ்வரம்பு, 2024–25 பருவத்தில் 14 கோடி டொலரைத் தாண்டிவிட்டது. தொகை மலைக்க வைப்பதாயினும், அதன் தத்துவம் நமது வீட்டுச் செலவுக் கணக்கின் தத்துவமே. ஒன்றை வாங்கினால் மற்றொன்றை விடவேண்டும்.

மூன்று அணிகள், மூன்று பாடங்கள்

பொஸ்டன் செல்டிக்ஸ் என்னும் புகழ்பெற்ற அணி 2006–07 பருவத்தில் 24 ஆட்டங்களில் மாத்திரம் வென்று, 58 ஆட்டங்களில் தோற்றது. அபிமானிகள் குலுக்கலில் முதலிடம் கிடைக்குமென்று காத்திருந்தனர். கிடைத்தது ஐந்தாம் இடம். அவ்வணியினர் மனம் சோர்ந்துவிடவில்லை. அந்த ஐந்தாம் இடத்தையே விலைப்பொருளாக்கி, தூரத்திலிருந்து குறி தவறாது எறியும் ரே அலனைப் பெற்றனர். பின்பு ஜூலை மாத இறுதியில் ஐந்து ஆட்டக்காரரையும் எதிர்காலத் தேர்வுரிமைகள் இரண்டையும் கொடுத்து, கெவின் கார்னெட் என்னும் பெருவீரரைப் பெற்றனர். முன்பே அணியிலிருந்த போல் பியர்சும் இவ்விருவரும் இணைந்து ஆடினர். அடுத்த பருவத்தில் 66 வெற்றிகள். 2008 ஜூனில் சாம்பியன் பட்டம்.

இக்கதையைக் கேட்டு ஆசைப்பட்டது போல, புரூக்ளின் நெட்ஸ் அணி 2013இல் அதே கார்னெட்டையும் பியர்சையும் பொஸ்டனிடமிருந்து வாங்கியது. கார்னெட்டுக்கு அப்போது வயது 37, பியர்சுக்கு 35. அவர்களுக்காக 2014, 2016, 2018 ஆகிய ஆண்டுகளின் முதற்சுற்றுத் தேர்வுரிமைகளையும், 2017ஆம் ஆண்டு உரிமையை மாற்றிக்கொள்ளும் சலுகையையும் அவ்வணி கொடுத்துவிட்டது. ஓரிரு ஆண்டுகளுள் முதிய வீரர் இருவரும் நெட்ஸை விட்டுச் சென்றனர். 2015–16இல் 21 வெற்றிகளும், 2016–17இல் 20 வெற்றிகளுமே மிஞ்சின. தோற்ற அணிக்கு ஆறுதலாக வரவேண்டிய இளைஞர்களோ பொஸ்டனுக்குப் போயினர். ஜேலன் பிரவுனும் ஜேசன் டேட்டமும் அவ்வுரிமைகளின் வழியாக வந்தவர்களே. அவ்விருவரையும் தூண்களாகக் கொண்டு பொஸ்டன் 2024இல் மீண்டும் சாம்பியனாகியது. விதைநெல்லை விற்று விருந்து வைத்தவனின் கதை புரூக்ளினின் கதை.

மூன்றாவது கதை டிட்ரொயிட் பிஸ்டன்ஸ் அணியுடையது. 2023–24 பருவத்தில் அவ்வணி தொடர்ச்சியாக 28 ஆட்டங்களில் தோற்றது. ஒரே பருவத்தில் இத்தனை தொடர்தோல்விகளை அதற்கு முன் எந்த அணியும் கண்டதில்லை. பருவம் முடிந்தபோது 14 வெற்றி, 68 தோல்வி. குலுக்கலிலும் அதிர்ஷ்டம் கைகொடுக்கவில்லை. இவர்களுக்கும் ஐந்தாம் இடமே கிடைத்தது. அணி நிர்வாகம் மாறியது. பயிற்றுநரும் மாற்றப்பட்டு, ஜே. பி. பிக்கர்ஸ்டாஃப் என்பவர் வந்தார். ஆனால் கேட் கனிங்ஹாம் முதலிய இளம் ஆட்டக்காரரைப் புதிய நிர்வாகம் துரத்திவிடவில்லை. அவர்களிடம் என்ன இல்லை என்று ஆராய்ந்தது. இளைஞர் பந்தை எடுத்துக்கொண்டு வளையத்தை நோக்கிப் பாய்ந்தால், எதிரணியினர் அனைவரும் அங்கேயே குவிந்துவிடுகின்றனர். வெளியிலிருந்து எறிவோர் இல்லாமையே அதற்குக் காரணம் என்று கண்டது. ஆகவே தூர எறிவில் வல்ல மலிக் பீஸ்லி, டிம் ஹார்டவே, அனுபவசாலியான டொபியாஸ் ஹாரிஸ் ஆகிய மூவரைச் சேர்த்தது. மூவரும் முதல்தர நட்சத்திரங்கள் அல்லர். பீஸ்லி ஓராண்டு ஒப்பந்தத்தில் வந்தவர். அப்பருவத்தில் மாத்திரம் 319 மூன்று புள்ளி எறிவுகளைக் கூடையில் இட்டார். 2024–25 பருவ முடிவில் பிஸ்டன்ஸ் அணியின் வெற்றிகள் 44. பதினான்கு எங்கே, நாற்பத்து நான்கு எங்கே!

மூன்றையும் சேர்த்துப் பார்க்கும்போது ஓர் உண்மை புலனாகின்றது. பெரிய பெயர்களைச் சேர்த்த பொஸ்டன் வென்றது; அதே பெயர்களைச் சேர்த்த புரூக்ளின் தோற்றது. ஆகவே ஆளின் பெயர் மாத்திரம் போதாது. காலம், வயது, கொடுத்த விலை, அணியின் தேவை ஆகிய நான்கையும் நிறுத்துப் பார்த்தவனுக்கே வெற்றி.

மட்டக்களப்பு காட்டிய வழி

'நம்மிடம் டொலரும் இல்லை, தேர்வுரிமையும் இல்லையே' என்று வாசகர் கேட்கலாம். பணமின்றியே கூடைப்பந்தாட்டத்தை ஊரின் சொத்தாக்கிய இடம் நமது நாட்டிலேயே உண்டு. அது மட்டக்களப்பு. அங்கே புனித மிக்கேல் கல்லூரியில் பணிபுரிந்த அமெரிக்க இயேசு சபைத் துறவியர் இவ்விளையாட்டை வளர்த்தனர். அவர்களுள் வெபர் அடிகளாரின் பெயரை மட்டக்களப்பு மைதானம் இன்றும் தாங்கி நிற்கின்றது. யூஜின் ஹெபர்ட் அடிகளார் மாணவருக்குப் பல்லாண்டுகள் கூடைப்பந்து பயிற்றுவித்தவர். போர்க்காலத்தில் மக்களோடு மக்களாக நின்ற அவர், 1990 ஆகஸ்டில் தம் சாரதியுடன் பயணம் செய்தபோது காணாமற்போனார், திரும்பி வரவேயில்லை. ஆனால் அவர் ஊன்றிய பழக்கம் மறையவில்லை. பழைய மாணவர் புதிய மாணவருக்குக் கற்பிக்கும் வழக்கமே அங்கு தேர்வுரிமை, அதுவே மூலதனம்.

திறமை எங்கே ஒளிந்திருக்கும் என்று முன்கூட்டிச் சொல்லவும் இயலாது. யாழ்ப்பாணத்து மண்ணிற் பிறந்த தர்ஜினி சிவலிங்கம் ஆறு அடி பத்து அங்குல உயரமுடையவர். அவ்வுயரத்தைக் கேலிப்பொருளாக்காமல் ஆட்டத்தின் பலமாக்கியதனால், இலங்கை வலைப்பந்தாட்ட அணி 2009இலும் 2018இலும் ஆசியக் கிண்ணத்தை வெல்ல அவர் பெருந்துணையானார். உடப்பிலும் முந்தலிலும் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் உள்ள தமிழ்மொழிப் பாடசாலைகளில், வகுப்பின் கடைசி வாங்கில் கூனிக் குறுகி அமர்ந்திருக்கும் நெடிய பிள்ளைகளை எந்தக் கழகம் தேடிச் சென்றிருக்கின்றது? ஒரே வீதியில் உள்ள இரண்டு பாடசாலைகளை மாத்திரம் பார்த்துவிட்டு ஆள் இல்லை என்பது, ஒரே பாட்டில் வலை வீசிவிட்டுக் கடலில் மீனில்லை என்பது போலாகும்.

ஒரு கழகத்தின் கணக்கு

இனி உதாரணத்திற்காக, நமது கரையில் கழகமொன்று இருப்பதாகக் கொள்வோம். சென்ற பருவத்தில் 14 ஆட்டங்கள் ஆடி, மூன்றில் வென்று பதினொன்றில் தோற்றது என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு பேருள் இருவர் கொழும்பிற்கு உத்தியோகம் பெற்றுச் செல்கின்றனர். ஒருவர் இத்தாலிக்குப் புறப்படுகின்றார். இருவர் உயர்தரப் பரீட்சைக்கு அமர்கின்றனர். மிஞ்சுவோர் எழுவர். செயலாளர் தலையிற் கைவைத்து அமர்ந்துவிடுவாரானால் கழகம் அன்றே முடிந்தது. அவர் தாளும் பென்சிலும் எடுக்கட்டும்.

முதற் கேள்வி: எப்படித் தோற்றோம்? பதினொரு தோல்விகளில் ஐந்து, மூன்று புள்ளிகளுக்கு உட்பட்ட வித்தியாசத்தில் நேர்ந்தவை என்று புள்ளிப் புத்தகம் காட்டுவதாகக் கொள்வோம். ஓர் ஆட்டத்தில் 20 தண்ட எறிவுகள் கிடைத்து, பத்து மாத்திரமே கூடையில் விழுந்திருந்தால், அதைப் பதினான்காக உயர்த்தினாலே நான்கு புள்ளிகள் கூடும். மற்றவை மாறாதிருந்தால், மூன்று வெற்றிகள் எட்டு வெற்றிகள் ஆகியிருக்கும். இதற்குப் புதிய ஆள் தேவையில்லை. பழைய ஆட்கள் நாள்தோறும் மாலையில் ஐம்பது முறை எறிந்து பழகினால் போதும். தோல்விக்கான காரணத்தை அறியுமுன் ஆட்களை மாற்றுகின்றவன், நோயறியாமல் மருந்து கொடுக்கும் வைத்தியனை ஒத்தவன்.

இரண்டாவது கேள்வி: நேரம் எப்படிப் பங்கிடப்பட்டது? சர்வதேச விதிப்படி ஆட்டம் 40 நிமிடம். ஒரு நேரத்தில் களத்தில் நிற்போர் ஐவர். ஆக 200 ஆள்நிமிடங்கள். இவற்றில் 180ஐ முதல் ஐவரே ஆடியிருந்தால், ஒவ்வொருவரும் 36 நிமிடம் ஓடியிருக்கின்றனர். கடைசிக் கால் பகுதியில் கால்கள் ஓய்ந்து அணி சரிவதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டுமா? முதல் ஐவருக்கு முப்பது முப்பது நிமிடமாக 150 கொடுத்தால், 50 நிமிடம் மிஞ்சும். அதை நால்வர் பகிர்ந்துகொள்ளலாம். ஆகவே இக்கழகத்தின் தேவை ஒரு நட்சத்திரமன்று. பன்னிரண்டு நிமிடம் தவறின்றி ஆடக்கூடிய நான்கு நல்ல துணைவரே.

மூன்றாவது கேள்வி: எந்த இடம் வெறுமை? பந்தை எடுத்துச் சென்று ஆட்டத்தை வழிநடத்துபவன் ஒருவன். தூரத்திலிருந்து எறிபவன் ஒருவன். வளையத்தடியில் நின்று மீளும் பந்தைப் பிடிப்பவன் ஒருவன். இவ்வாறு ஒவ்வோர் இடத்திற்கும் இருவர் பெயரை எழுதிப் பார்க்கவேண்டும். எந்த இடத்தில் ஒரே பெயர் நிற்கின்றதோ, அங்கேதான் ஓட்டை. கொழும்பிற்குப் போகின்ற இருவரும் வழிநடத்துபவர்களாயின், முதற் தேடல் அந்த இடத்திற்கே. உயரமானவன் கிடைத்தான் என்பதற்காக நான்காவது நெடியவனைச் சேர்ப்பது வீண்.

நான்காவது கேள்வி: அடுத்த ஆண்டு மாத்திரமா, அதற்கு அப்பாலுமா? பன்னிரண்டு இடங்களில் மூன்றையேனும் பதினேழு, பதினெட்டு வயதினருக்கு ஒதுக்கிவைத்தல் நன்று. அவர்கள் இன்று தோற்பார்கள், இரண்டாண்டில் தேறுவார்கள். பரீட்சைக்கு அமரும் இருவரையும் பட்டியலிலிருந்து அழித்துவிடாமல், பரீட்சை முடியும் மாதத்தைக் குறித்து வைக்கவேண்டும். படிப்பைக் கெடுத்து ஆட வைக்கும் கழகத்திற்கு எந்தத் தாயும் அடுத்த பிள்ளையை அனுப்பமாட்டாள்.

மனிதர் காய்கள் அல்லர்

இவ்வளவு கணக்கும் பார்த்த பின்பு, கணக்கிற்கு அப்பாற்பட்ட ஒன்று எஞ்சுகின்றது. அமெரிக்கத் தொழில்முறை அணிகளில், ஆட்டக்காரன் ஒருவன் பெரும்பாலும் தன் சம்மதமின்றியே வேறு நகரத்திற்கு மாற்றப்படுகின்றான். அங்கே அது கோடிகளால் ஈடுசெய்யப்படும் தொழில். ஊர்க் கழகத்திலோ ஆட்டக்காரன் நமது அயலவரின் மகன். பத்தாண்டுகள் சம்பளமின்றி ஆடி, முழங்கால் தேய்ந்த முப்பத்து நான்கு வயதுக்காரனை, 'இனி நீ வேண்டாம்' என்று சொல்லாமற் சொல்லிப் பட்டியலிலிருந்து நீக்குவது எத்தனை கொடுமை! புதிய பட்டியல் சுவரில் ஒட்டப்படுமுன், தலைவர் அவனுடைய வீட்டிற்குச் சென்று முகம் பார்த்துப் பேசவேண்டும். அவனுக்கு வளையத்தடியில் இடமில்லாவிடினும், இளைஞரைப் பழக்கும் பொறுப்பில் இடமுண்டு. மட்டக்களப்பில் விளையாட்டு நிலைத்தது அவ்விதமே.

போகின்றவர்களையும் பகைவராக்குதல் ஆகாது. இத்தாலிக்குச் சென்றவன் விடுமுறைக்கு வரும்போது ஒரு பந்தையோ இரண்டு சோடிச் சப்பாத்துகளையோ கொண்டு வருவான். தன் தம்பியைக் கழகத்தில் சேர்ப்பான். கசப்போடு வழியனுப்பப்பட்டவன் வீதியால் போகும்போதும் மைதானத்தைத் திரும்பிப் பாரான்.

நமது கரையின் பெயர் நாட்டின் உச்சத்தை எட்டவியலாது என்பதும் இல்லை. துடுப்பாட்டத்தில் சிலாபம் மேரியன்ஸ் கழகம் 2017–18 பருவத்து முதற்தரப் பிரிமியர் போட்டியில் வெற்றிவாகை சூடியது. தலைநகரத்துப் பழம்பெருங் கழகங்கள் பல இருக்க, சிலாபத்தின் பெயர் வெற்றிப்பட்டியலில் ஏறியதே! கூடைப்பந்திலும் அத்தகைய நாள் வரலாம்.

அதற்குப் பெற்றோர் செய்யக்கூடியது ஒன்று, மாணவர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பிள்ளை மாலையில் ஒரு மணிநேரம் விளையாடுவதை வீண்பொழுது என்று பெற்றோர் கருதாதிருத்தல் வேண்டும். மாணவரோ, பந்தை எறிவதோடு நில்லாமல், தங்கள் பாடசாலை அணியின் புள்ளிப் புத்தகத்தைத் தாமே எழுதிப் பழகவேண்டும். யார் எத்தனை நிமிடம் ஆடினர், எத்தனை எறிந்தனர், எத்தனை தவறின என்று குறித்து வைப்பதற்கு ஒரு கொப்பியும் பென்சிலுமே செலவு. சென்ற பருவத்தின் தோல்விகளை நேர்மையாக எழுதி வைத்திருக்கும் அணிக்கே, வரும் பருவத்திற்கு யார் தேவை என்பது தெரியும்.